நேர்ந்துவிட்ட பன்றி

பதினொரு பன்றிகளைப் புதைத்த குழியை நாய்கள் இந்நேரம் பறித்துப் போட்டிருக்க வேண்டும். ஒன்றுகூடக் கிட்டே வரவில்லை. இலுப்பூர் சாலையோரப் பனைகளின் அடியில் ஏழெட்டு நாய்கள் குந்தியிருந்தன. எல்லாம் குழிமேட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. குரைப்பும் இல்லை, உறுமலும் இல்லை. சைக்கிளை விட்டு இறங்கிய இன்னாசிக்கு அது பிடிக்கவில்லை.

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரான அவருக்கு மூன்று வாரமாகவே மூக்குக்கு மேல் கோபம். ஐம்பத்தெட்டாம் வருஷத்துப் பங்குனி வெயிலில், பெரியண்ணன் என்பவர் வளர்த்த பன்றிகள் ரத்தமாய்க் கழிந்து விழத் தொடங்கின. தடுப்பூசி கேட்டு மேலாபீசுக்கு மூன்று கடிதம் போட்டார். மாட்டுக்கே மருந்து போதவில்லை, பன்றிக்கு என்ன கேடு என்கிற தோரணையில் பதில் வந்தது. ஜீப்பில் வந்த டாக்டரோ கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கீழே கால் வைக்காமலே திரும்பிப் போனார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே இரண்டு பேருமே கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் இன்னாசியே செத்த குட்டி ஒன்றின் வயிற்றைக் கீறிப் பார்த்தார். பெருங்குடலின் உள்பக்கம் முழுக்கச் சட்டைப் பொத்தான்களைத் தைத்து வைத்தது போல வட்ட வட்டமாய்ப் புண். தொற்றுநோய்தான். இனிச் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

"கெழக்குப் பட்டியில சீக்கு விழுந்த பதினொண்ணையும் முடிச்சு, ஆழமாக் குழி வெட்டி, சுட்ட சுண்ணாம்பு போட்டு மூடிருங்க. ரத்தம் ஒரு சொட்டுகூட மண்ணுல சிந்தக் கூடாது. மேக்குப் பட்டியில நிக்கிற நாப்பதுக்கும் நான் பொறுப்பு" என்று நேற்றுக் காலை சொல்லியிருந்தார். நிலமோ நீச்சோ இல்லாத அந்தக் குடும்பத்துக்கு அந்த நாற்பதை விட்டால் வேறு கதி கிடையாது. அது தெரிந்துதான் வாக்குக் கொடுத்தார்.

மேட்டை நெருங்கியதும் சுண்ணாம்பு நெடி கண்ணைக் கரித்தது. அதற்கும் அடியில் புளித்த கழுநீரும் பழைய ரத்தமும் கலந்த ஒரு வாடை. உள்ளேயிருந்து, நனைந்த சாக்கைத் தரையில் இழுப்பது போல் ஒரு சத்தம் மெதுவாக வந்தது, நின்றது, மறுபடி வந்தது. குனிந்து மண்ணில் கை வைத்தார். சுட்டது. சுண்ணாம்பு நீறுகிற சூடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் உள்ளங்கைக்கு அடியில் மண் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"பெரியண்ணே, பதினொண்ணையும் அடிச்சுத்தானே போட்டீங்க?"

பின்னால் வந்து நின்ற பெரியண்ணன் தோள்துண்டை எடுத்து உதறினார். அவர் மனைவி அழகிதான் சொன்னாள்.

"பத்தத்தாங்க அடிச்சோம். அந்தக் காதறுத்தது முனியய்யாவுக்கு நேந்துவிட்டது. கோயில் வாசலைத் தவிர எங்கிட்டும் அது மேல அடி விழக் கூடாதுங்க. நீங்களும் ரத்தம் சிந்தக் கூடாதுன்னீங்க. அதான் காலக் கட்டி அப்படியே எறக்கிட்டோம்."

"உசுரோடயா?"

"ஒங்க பேச்சையும் மீறலைங்க, சாமி பேச்சையும் மீறலைங்க" என்றார் பெரியண்ணன்.

இன்னாசிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இவர்கள் மேல் கோபம், இவர்கள் சாமி மேல் கோபம், கைக்குட்டை டாக்டர் மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேல். பன்றிகள் போடும் அலறலைக் கேட்கச் சகிக்காமல், கடைசி மண் விழும்வரை நிற்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடியவர் அவர்தான்.

"ஒங்க சாமிக்கும் கண்ணில்ல, எங்க ஆபீசுக்கும் கண்ணில்ல. மம்பட்டிய எடுங்க."

இருவரும் அசையவில்லை. தானே எடுத்து வெட்டினார். மேலே மண் ஒரு கீறலும் இல்லாமல் இறுகிக் கிடந்தது. அழகி தட்டி மெழுகிய கைத்தடம்கூட அழியவில்லை. இடுப்பளவு போனதும் சுண்ணாம்பு புகைந்து எழும்பியது. உப்பிக் கிடந்த உடல்களை எண்ணினார். பத்து. அவற்றின் நடுவே ஒரு பள்ளம், பன்றி ஒன்று ஒருக்களித்துப் படுத்த அளவுக்கு. உள்ளே கயிறு கிடந்தது. போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது.

பள்ளம் சூடாக இருந்தது. சத்தம் நின்றுபோயிருந்தது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் மேற்குப் பட்டியிலிருந்து அந்த ஓசை கேட்டது. சப்புக் கொட்டும் ஓசை. ஒரு வாய் அல்ல, நாற்பது.

"தொட்டியில கழுநித்தண்ணி ஊத்திட்டியாம்மா?"

"இன்னும் இல்லைங்க" என்றாள் அழகி.

குழியிலிருந்து ஏறி ஓடினார். முள்வேலிப் படலைப் பிடுங்கி எறிந்தார். பின்னாலேயே அவர்கள் இருவரும் வந்தார்கள்.

தொட்டியைச் சுற்றி நாற்பதும் முண்டியடித்தன. தலை நிமிரவில்லை. தொட்டிக்குள் அது நின்றது. உடம்பெல்லாம் வெந்த சுண்ணாம்பு. ஒரு காது பாதி. கண் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. வயிறு திறந்திருந்தது.

"தள்ளு, தள்ளு" என்று இன்னாசி மண்வெட்டிக் காம்பால் முதுகு முதுகாக அடித்தார். ஒன்றும் விலகவில்லை. அவருக்குப் பின்னால் பெரியண்ணன் மண்ணில் விழுந்து கும்பிட்டார்.

நாற்பது வாயும் இழுத்தன. குடல் வந்தது, பொத்தான் பொத்தானாய்ப் புண்ணோடு. இழுக்க இழுக்க வந்தது. அது அசையாமல் நின்று கொடுத்துக்கொண்டே இருந்தது.