குளித்தவள்

சுனாமிக்கு மறு வருஷம், தீபாவளி சீசன். அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியின் மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. இடி இடிக்கும் நேரத்தில் வெடிமருந்து அறையில் ஆள் இருக்கக் கூடாது என்று நடுப்பகலிலேயே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அலுமினியப் பொடி படிந்த பெண்கள் உச்சி முதல் பாதம் வரை வெள்ளியாய் மினுங்கினார்கள். அந்தக் கோலத்தில் எவளும் வீட்டுப் படி ஏறுவதில்லை. கம்பெனித் தண்ணீர்த் தொட்டியடியில் குளித்து, சேலை மாற்றிக்கொண்டுதான் கிளம்புவார்கள்.

வேல்விழிக்கு அன்றைக்குப் பொறுமை இல்லை. மகள் பேச்சிக்குக் காலையிலிருந்தே காய்ச்சல்.

"குளிச்சிட்டுப் போ புள்ள," என்றாள் கூட வேலை பார்க்கும் குருவம்மாள்.

"வீட்ல போயிக் குளிச்சுக்கிடுதேன் மதினி."

தெருவில் கரண்ட் இல்லை. பட்டப்பகலே அந்தி போல இருண்டு கிடந்தது. நாய்கூடக் குரைக்கவில்லை. அவள் வீட்டுக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே ஒரு பெண் சிரித்தாள்.

அது வேல்விழியின் சிரிப்பு.

எட்டிப் பார்த்தாள். ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அவளே உள்ளே உட்கார்ந்து பேச்சிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அதே மூக்குத்தி. புருவத்தில் அதே தழும்பு.

புருஷன் பிரபாகரன் வாசலுக்கு வந்தான்.

"என்னங்க... உள்ள இருக்கது யாருங்க?"

அவன் திகைக்கவே இல்லை.

"மெதுவாப் பேசு. புள்ள பயந்துரும்."

"நான்தாங்க வேல்விழி!"

"தெரியும். குளிச்சவ வந்துட்டா. இனி நீ எதுக்கு?" சலிப்போடு சொன்னான். "போன தடவை வந்தவளும் இப்பிடித்தான் அழுதா."

பாவி! எல்லாம் தெரிந்தேதான் என்னோடு குடும்பம் நடத்தியிருக்கிறான். இவனை நம்பியா இத்தனை வருஷம் மருந்தில் வெந்தோம் என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அவன் தோளுக்கு மேலாக எக்கி மகளைக் கூப்பிட்டாள்.

"பேச்சி... அம்மா வந்திருக்கேன் தாயி."

பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. வீறிட்டு, உள்ளே இருந்தவளின் மடியில் முகம் புதைத்துக்கொண்டது.

"பாக்காத தாயி," என்று அவள் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள்.

கதவு மூடியது.

தாழ்ப்பாள் விழுந்தது.

வேல்விழி திரும்பினாள். எதிரே கருவேல மரத்தடியில் வெள்ளிப்பொடி பூசிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மூடிய அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லோருக்கும் அவள் முகம்.

ஓரத்தில் இருந்தவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.