அவசரமில்லை என்றொரு வரிசை

செவ்வாயின் வடமுனைக் குடியிருப்பில் பல் துலக்குவதற்கும் சான்று வேண்டும். பூங்கோதை வழக்கம்போல மணிக்கட்டை உயர்த்தினாள். தோலுக்கடியில் இருந்த கைச்சில்லு, குடியிருப்பின் சாவிகளையெல்லாம் காக்கும் ரகசியப் பெட்டகம் என்ற கணினிக்கு விண்ணப்பம் அனுப்பியது. 'இவள் பூங்கோதைதான், இந்தக் குழாயை மட்டும், சற்று நேரத்துக்கு மட்டும் இயக்கலாம்' என்று பெட்டகம் கையொப்பமிட்டுச் சான்று தந்த பிறகே தண்ணீர் வந்தது. அதற்குள் வாயில் பற்பசை காய்ந்துவிட்டது.

அவள் யாரை நொந்துகொள்வது? இந்த ஏற்பாடே அவளுடையதுதான். முன்பு ஆளுக்கொரு ஆயுள் சாவி இருந்தது. பூமிக்குத் திரும்பிப் போய்விட்டவர்களின் சாவிகள்கூட இங்கே நீர்த்தொட்டியைத் திறந்தன. பெட்டகப் பொறியாளரான பூங்கோதைதான் அவற்றை ஒழித்துக்கட்டி, வேண்டும்போது கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் காலாவதியாகிற சான்றுகளைக் கொண்டுவந்தாள். விண்ணப்பங்கள் குவியவே, 'அவசரம்', 'அவசரமில்லை' என்று இரண்டு வரிசைகள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கையொப்பமிடத் தனி இயந்திரம் அமைத்தாள். குறுக்கு வழி ஒன்றுகூட வைக்கவில்லை, தனக்கும் சேர்த்துத்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று முற்பகல் அவள் கணவன் தணிகைவேல் பனிச்சுரங்கத்திலிருந்து திரும்பினான். காற்றறைக்குள் அவன் நுழைந்ததும் வெளிக்கதவு மூடிக்கொண்டது. உட்கதவு திறக்கவில்லை.

"கோதை, கதவு மக்கர் பண்ணுது. அறைக்குள்ள காத்து நிரம்பவே இல்ல." கைச்சில்லு வழியே அவன் குரல் வந்தது. "என் சிலிண்டர்லயும் கொஞ்சந்தான் இருக்கு. பதறாத. ஆனா சீக்கிரம் பாரு."

கதவின் கணினிக்குள் நுழைந்து, சிக்கிக்கொண்ட வால்வை விடுவித்தால் போதும். அவளுக்கு அது கைவந்த வேலை. 'அவசரம்' என்று குறித்து விண்ணப்பித்தாள்.

'உங்களுக்கு முன்னால் ஆயிரத்துச் சொச்சம் விண்ணப்பங்கள் உள்ளன. பொறுத்திருக்கவும்' என்றது பெட்டகம்.

பூங்கோதை வரிசையைத் திறந்து பார்த்தாள். ஒருவருக்கு அவசரமாக முடி வெட்டிக்கொள்ள வேண்டும். இன்னொருவருக்கு அவசரமாகத் திரையில் பழைய ஆட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும். குடியிருப்பின் தலைவர் சூசைநாதனை அழைத்தாள்.

"ஐயா, வரிசையில இருக்கறவங்களக் கொஞ்சம் விலகச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் உள்ள மூச்சுக்குத் தவிக்கறாரு."

"சொல்லிப் பாக்கறேம்மா. ஆனா எல்லாருமே அவசரம்னுதானே போட்டிருக்காங்க? யாரப் போய் நகரச் சொல்றது?"

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்போதுதான் அடுத்த வரிசை கண்ணில் பட்டது. அதில் ஒருவருமில்லை. தொடங்கிய நாளிலிருந்தே அந்த இயந்திரம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. தன் வேலை அவசரமில்லை என்று ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்?

விண்ணப்பத்தை அழித்துவிட்டு, புதிதாக எழுதினாள்: 'கணவரைக் காற்றறையிலிருந்து மீட்க. அவசரமில்லை.'

கண்மூடித் திறப்பதற்குள் கையொப்பம் வந்துவிட்டது. வால்வை விடுவித்தாள். காற்று சீறிக்கொண்டு நிரம்பி, உட்கதவு விலகியது. ஓடிப்போய்த் தரையில் சரிந்து கிடந்தவனின் தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

"எப்படிடி இவ்வளவு சீக்கிரம் வாங்கின?" என்று திணறினான்.

"அவசரமில்லைன்னு போட்டேன்."

"அடிப்பாவி!" என்று சிரித்தான். அவள் அவன் மார்பில் முகம் புதைத்து வாய்விட்டு அழுதாள்.

சங்கதி ஊரெல்லாம் பரவியது. மறுநாள் விடிந்தபோது 'அவசரமில்லை' வரிசையும் பிதுங்கி வழிந்தது. சூசைநாதன் கூட்டம் கூட்டினார்.

"வரிசையக் கூட்டிப் பிரயோஜனமில்லீங்க ஐயா," என்றாள் பூங்கோதை. "அவசரம்ங்கற வார்த்தைக்கு நாம ஒரு மரியாத குடுக்கணும். நேத்து ஒரு உயிரே போகப் பாத்துது."

"வாஸ்தவம்தாம்மா," என்றார் அவர் உருக்கமாக. "அதனால மூணாவதா 'உண்மையிலேயே அவசரம்'னு ஒரு வரிசை போட்டுடுங்க. ஒரு வாரம் எடுத்துக்குங்க, நிதானமாச் செய்யுங்க."

கூட்டம் கைதட்டி ஏற்றுக்கொண்டது. 'இவர்களைத் திருத்தவே முடியாது' என்று முணுமுணுத்தபடி பூங்கோதை வீடு திரும்பினாள். புதிய வரிசையை அமைக்க முதலில் பெட்டகத்தின் கணினிக்குள் நுழைய வேண்டும். அதற்கும் சான்று வேண்டும். விண்ணப்பத்தைத் திறந்தாள். எந்த வரிசை என்று கேட்டது. 'அவசரம்' என்று அழுத்திவிட்டுக் காத்திருந்தாள்.