கண்ணுக்கு நேரே ஒரு சன்னல்

"ஏங்க, இந்த ராகிக் கிடங்கு யாரோடதுங்க? மழை விடற வரைக்கும் ஓரமா நின்னுக்கட்டுமா?"

தகரப் பெட்டியைத் தலைக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு ஓடி வந்த சாந்தம்மா, ஜவளகிரி மண்ணில் கேட்ட முதல் கேள்வி அது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்... அவள் கெட்டது அந்த நிமிஷம்தான்.

உள்ளே கல்லைக் கொத்திக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். முகமெல்லாம் கல் தூசி. அதற்கு நடுவே இரண்டு கண்கள். கோபத்திலும் அழகாக இருக்கிற கண்கள் சில பேருக்குத்தான் வாய்க்கும். பாவி, இவனுக்கு வாய்த்திருந்தது!

"இது கிடங்கு இல்லீங்க" என்றான் நிதானமாக. "பள்ளிக்கூடம்."

சாந்தம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிருஷ்ணகிரியிலிருந்து அவள் பாடம் சொல்லிக்கொடுக்க வந்திருப்பதே இந்தப் பள்ளிக்கூடத்தில்தான். வேலை உத்தரவு தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது... மானம்தான் மழையோடு போயிற்று.

பஸ் தளி ஊரோடு நின்றுவிட்டதால் அவளை வண்டியில் ஏற்றி வந்த நாராயணப்பன், மாடுகளைக் கட்டிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தார். பள்ளிக் கமிட்டித் தலைவர் அவர்தான். "மேஸ்திரி, இவங்கதான் புது டீச்சரம்மா. டீச்சரம்மா, இவரு கங்கப்பன். பர்கூர்க்காரரு. இந்தக் காட்டோரத்துல முப்பது வீடு இவரு கட்டினது!" என்றார்.

அது ஐம்பத்தெட்டாம் வருஷம். ஊருக்கு ஊர் ஜனங்களே கூடிப் பள்ளிக்கூடம் எழுப்பிக்கொண்டிருந்த காலம். நாராயணப்பன் தன் களத்து மேட்டையே எழுதிக் கொடுத்துவிட்டார். வண்டி வைத்திருந்தவர்கள் கல் ஏற்றி வந்து கொட்டினார்கள். இல்லாதவர்கள் சுண்ணாம்பு அரைத்தார்கள். மூன்று வருஷமாக மாட்டுக் கொட்டகையில் படித்த நாற்பது பிள்ளைகளுக்கு, இன்னும் இருபத்தைந்து நாளில் திறப்பு விழா.

சாந்தம்மா சுற்றிலும் பார்த்தாள். சுவர் கோட்டைச் சுவர்தான். ஆனால் சன்னல்? ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு சாண் அகலத்தில்... உள்ளே பட்டப்பகலில் இருட்டு.

"சன்னல் ஏன் மேஸ்திரி இப்படி?"

"இந்தப் பக்கம் எல்லா ஊட்டுலயும் இப்படித்தாங்க. பெருசா வெச்சா ஆனை தும்பிக்கையை வுட்டு ராகியை அள்ளிக்கிட்டுப் போயிடும்."

"பள்ளிக்கூடத்துல ராகியா கொட்டி வெக்கப்போறீங்க? புள்ளைங்கதானே உக்காரப் போவுது!"

நாராயணப்பன் திருதிருவென்று விழித்தார். முப்பது வீடு கட்டிய கைக்கும் சரி, களத்து மேட்டைக் கொடுத்த மனசுக்கும் சரி, இது தோன்றவே இல்லை.

கங்கப்பன் முகம் சிவந்தது. "வெச்ச கல்லை எடுக்கற வழக்கம் எங்கிட்ட இல்லீங்க."

சாந்தம்மாவா விடுவாள்? பெட்டியிலிருந்து சிலேட்டை எடுத்தாள். பல்பத்தால் ஒரு வரி எழுதினாள். "புள்ளைங்க மாதிரி கீழ உக்காந்து இதைப் படிங்க பார்ப்போம். படிச்சுட்டா நான் வாயே திறக்கல."

அவன் சிலேட்டை வாங்கினான். பார்த்தான்... பார்த்துக்கொண்டே இருந்தான். சட்டென்று அதைக் கல்மேல் வைத்துவிட்டு, உளியையும் சுத்தியலையும் பையில் போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையிலேயே இறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

"பர்கூருக்கே போயிட்டாராம்" என்று தலையில் கை வைத்தார் நாராயணப்பன். "கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாம் டீச்சரம்மா..."

மாட்டுக் கொட்டகையில் பாடம் சொல்லிக்கொண்டே சாந்தம்மா மனசுக்குள் சண்டை போட்டாள். 'நான் சொன்னதில் என்ன தப்பு? போனால் போகட்டும், திமிர் பிடித்த மனுஷன்!' ஆனால் பர்கூர் பக்கத்து ஆள் யார் வந்தாலும் அவள் கண் ஏன் வாசலுக்கு ஓடியது? அதை மட்டும் அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

ஆறாம் நாள் காலையில்... ணங்! ணங்!

சாந்தம்மா ஓடினாள். கங்கப்பன் தன் சுவரைத் தானே இடித்துக்கொண்டிருந்தான்! அவள் நிழல் விழுந்ததும் திரும்பாமலே, "உக்காருங்க டீச்சரம்மா" என்றான்.

"எதுக்கு?"

"புள்ளைங்க மாதிரி கீழ உக்காருங்கன்னேன். அளவு எடுக்கணும்."

உட்கார்ந்தாள். எதிரே குந்தி, சணல் கயிற்றைத் தரையிலிருந்து அவள் கண்ணுக்கு நேரே பிடித்தான். அப்போதுதான் இருவர் பார்வையும் முட்டிக்கொண்டது. அவன் அவசரமாக அந்த அளவில் ஒரு முடிச்சுப் போட்டான்.

"புள்ளைங்களுக்கு இதுக்கும் ஒரு சாண் கீழ வெச்சுடறேங்க."

"அப்ப... ஆனை வந்தா?"

"கல் கம்பி நட்டுடறேன். அப்பவும் வந்தா வரட்டும். நாலு பாடம் கேட்டுட்டுப் போவட்டும்!"

சாந்தம்மா சிரித்தாள். அவனும் சிரித்தான். அதற்கப்புறம் வேலை ராத்திரி பகலாய்ப் பறந்தது என்று நாராயணப்பன் ஊரெல்லாம் சொல்லி ஆச்சரியப்பட்டார்.

திறப்பு விழா அன்று காட்டோரத்து ஊர்கள் மொத்தமும் அங்கே இருந்தன. கல்வி அதிகாரி உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆறு சன்னல் வழியாகவும் வெயில் வந்து பிள்ளைகளின் மடியில் உட்கார்ந்திருந்தது. வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற நாற்பது குழந்தைகள், சிலேட்டைப் பார்த்து ஒரே குரலில் தமிழ் படித்தார்கள்.

"எத்தனையோ பள்ளிக்கூடம் பார்த்துட்டேன்... இப்படி உக்காந்த உயரத்துக்குச் சன்னல் வெக்கச் சொன்ன இன்ஜினீயர் யாருங்க?"

"எங்க டீச்சரம்மா!" என்றான் கங்கப்பன்.

"சொல்றது சுலபம் சார். கட்டினதை இடிச்சுக் கட்டினவர் இவர்தான்" என்றாள் சாந்தம்மா.

கூட்டம் கை தட்டியது. நாராயணப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஊர் அன்றைக்கு நிமிர்ந்த நிமிர்வைப் பார்த்திருக்க வேண்டும்!

எல்லோரும் பந்திக்குப் போன பிறகு சாந்தம்மா சிலேட்டுகளை அடுக்க வந்தாள். முதல் வரிசையில், சன்னலடியில், கங்கப்பன் தரையில் உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு சிலேட்டு.

"அன்னைக்கு இருட்டாலதான் நான் படிக்கலன்னு நெனச்சீங்க. வெளிச்சமா இருந்திருந்தாலும் என்னால படிச்சிருக்க முடியாதுங்க... எனக்கு எழுத்தே தெரியாது. ஏழு வயசுல கையில உளியைக் குடுத்துட்டாங்க."

அவள் எடுத்த சிலேட்டுகளைக் கீழே வைத்தாள்.

"அந்த ரோசத்துலதான் போனேன். பர்கூர் குவாரியில ஒவ்வொரு அடி அடிக்கறப்பவும் ஒரே நெனப்பு... நான் இருட்டுல இருந்தது போதாதுன்னு, நாப்பது புள்ளைங்களையும் இருட்டுல உக்கார வெக்கப் பார்த்தேனே!" கையிலிருந்த சிலேட்டைத் தடவினான். "அன்னைக்கு அதுல என்னதாங்க எழுதியிருந்துச்சு?"

சாந்தம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "மேஸ்திரி நல்லவர், சன்னலை இறக்கிடுவார்னு எழுதியிருந்தேன்."

அவன் முகமெல்லாம் சிரிப்பு. "படிக்காமலே செஞ்சுட்டேனுங்களே!"

அந்தச் சிரிப்புக்குத் தன்னையே கொடுத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

கங்கப்பன் மடியிலிருந்து எதையோ எடுத்தான். அதே சணல் கயிறு... அதே முடிச்சு.

"முப்பது வீடு கட்டினவன், எனக்குன்னு ஒண்ணு கட்டிக்கலீங்க. இப்பக் கட்டலாம்னு... சன்னல் அளவு இதான். உங்க கண்ணுக்கு நேரா. வெக்கட்டுங்களா?"

வெளியே தூறல் தொடங்கியிருந்தது. சாந்தம்மா அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கிருஷ்ணகிரிக்கு வந்து எங்கப்பாகிட்ட கேளுங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... நீங்க கோவிச்சுக்கிட்டு மழையில எறங்கிப் போனீங்களே, அன்னைக்கே பிடிச்சுப்போச்சு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிலேட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "ஆனா ராகி மூட்டையை மட்டும் சன்னல்கிட்ட வெக்கக் கூடாது, சொல்லிட்டேன். இப்ப பல்பத்தை எடுங்க. முதல் பாடம்..."