எட்டாம் கட்டை

கிறேஸ் அடித்த சி மேஜர் சுரக்கூட்டு மடியிலிருந்த கிற்றாரில் முழுதாக அடங்கிய பிறகு, கடல் பக்கத்துச் சன்னலுக்கு வெளியே, மழைமூட்டத்துக்குள் எங்கோ, அதே சி மேஜர் இன்னொரு முறை கேட்டது.

நேற்றுப் பின்னேரம் மீன்பிடிக்க வள்ளம் கொண்டுபோன புருசன் வின்சன்ற் இன்னும் திரும்பவில்லை. அனலைதீவுப் பக்கம் தேடிப் போனவர்களும் வெறுங்கையோடு வந்துவிட்டார்கள். பொழுதுபடும் இந்த நேரத்தில் விளக்கு வெளிச்சம் வேலியைக்கூடத் தாண்டாது. மூட்டம் பிடித்தால் கிற்றாரை அடியும், சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்துவிடுவேன் என்று அவர் சொல்லி வைத்திருந்தார். தன் பழைய கிற்றாரையும் வள்ளத்தில்தான் வைத்திருந்தார். மனுசன் உயிரோடு வந்தால் போதும், அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

"மச்சாள், கேட்டதே? அவர்தான்!"

வின்சன்றின் அக்கா அல்போன்சம்மா செபமாலையோடு குசினி வாசலில் நின்றாள். "கேட்டது. நிப்பாட்டும், கிறேஸ்."

"ஏன்?"

"காத்து இஞ்சையிருந்து கடலுக்கு அடிக்குது. அங்கையிருந்து இவ்வளவு தெளிவாக் கேக்க ஏலாது."

கிறேஸுக்கு அது காதில் ஏறவில்லை. அதே சி மேஜரைக் கிற்றார்க் கழுத்தில் இன்னும் மேலே, மூன்றாம் கட்டையில் பிடித்தாள். மேலே போகப் போகச் சத்தம் கூர்மையாகித் தூரம் போகும். பதிலும் மூன்றாம் கட்டையில் வந்தது. வேலிக்கு வெளியே, ஈரமணலில் கால் இழுபடும் ஒலியோடு. அழுகிய கடற்பாசி நாற்றம் அறைக்குள் புகுந்தது. அடித்து அடித்து அவள் விரல் நுனிகள் வெடித்து எரிந்தன.

ஐந்தாம் கட்டை. வேலிக்கு உள்ளே, கிணற்றடியில் பதில்.

எட்டாம் கட்டையில் சுட்டுவிரலை ஆறு தந்திக்கும் குறுக்கே கிடத்தி, மற்ற மூன்று விரலையும் ஊன்றி அடித்தாள். கதவடியில் பதில். ஒரு தந்தியும் தப்பவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மீனுக்கு எறியப்போன டைனமைற் வெடித்து வின்சன்றின் இடக்கையில் இரண்டு விரல் போய் வருசக்கணக்காகிறது. கீழ்க்கட்டைகளில் எப்படியோ சமாளிப்பார்; நாலு விரலும் வேண்டிய எட்டாம் கட்டையை அவரால் பிடிக்கவே முடியாது.

"மச்சாள்... கதவு?"

"பூட்டித்தான் கிடக்கு."

விளக்கு அணைந்தது. செபமாலை அறுந்து மணிகள் தரையில் ஓடின. அதன் பிறகு அல்போன்சம்மாவின் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. கிறேஸின் தோளில் தண்ணீர் சொட்டியது.

காற்று சட்டென்று ஓய்ந்தது. தூரத்தில், கடலில், தொண்டை கிழிய ஒரு குரல்.

"கிறேஸ்! கரை தெரியேல்லை! அடியும்! கிற்றாரை அடியும்!"

வின்சன்ற். உயிரோடு.

வலக்கையை ஓங்கித் தந்திகளில் இழுத்தாள். சத்தமில்லை. மறுபடியும் இழுத்தாள். குளிர்ந்த ஈரக் கை ஒன்று ஆறு தந்தியையும் அழுத்திப் பிடித்திருந்தது. மற்றது அவள் வாயைப் பொத்தியது.

வின்சன்ற் திரும்பவும் கூப்பிட்டார். இந்த முறை இன்னும் தூரத்திலிருந்து.