இடுப்புக்குக் கீழே

நான் அதை அணைத்துவிட்டேன். ரிமோட்டில் பச்சை விளக்கு போனதை நானே பார்த்தேன். பிறகு ஏன் போர்வை அசைகிறது?

இந்தக் கேள்வியோடு ஸ்னேஹா கட்டிலருகே நின்றுவிட்டாள். மதியத் தூக்கத்தில் அச்யுத்தின் முகம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது; வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. இடுப்புக்குக் கீழே மட்டும், போர்வைக்குள், அவனுடைய இரண்டு கால்களும் ஒட்டிச் சேர்ந்துகொண்டு, தொடையில் தொடங்கி முழங்காலில் வளைந்து பாத நுனியில் முடிகிற ஓர் அலையாக, அவசரமே இல்லாமல், துணியில் உராய்ந்து உராய்ந்து அடித்துக்கொண்டிருந்தன. அது நடை இல்லை. நீச்சல்.

அச்யுத்துக்கு நீச்சல் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவன் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கி அவள் பார்த்ததில்லை.

போர்வையின் மேல் கையை வைத்தாள். நின்றது. உள்ளங்கைக்கு அடியில் தசை விறைத்து, அவள் எப்போது கையை எடுப்பாள் என்று பார்த்திருந்தது.

போன வருடம் ஓசூர் ரோட்டில் பைக் சறுக்கியதில் அவனுடைய முதுகுத்தண்டு நசுங்கி, கால்கள் செயலிழந்தன. நசுங்கிய இடத்துக்குக் கீழே, கால்களை அசைக்க, ரிமோட்டால் இயங்கும் மின்சாரத் தகடு ஒன்றைப் பதித்தார்கள். பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் அல்போன்சா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"நடக்கிறதுக்கான வயரிங் எல்லாருக்கும் தண்டுவடத்துலயே இருக்கு மேடம். வலது, இடது, வலது, இடதுன்னு அதுவே ஓட்டும். நீந்துறதும் அங்கதான். கிளப்புறது, நிறுத்துறதுதான் மேல இருந்து வரணும். அதனால எதிர்ல கண்ணாடி வைங்க. சார் காலைப் பாத்துக்கிட்டே நடக்கணும், தூங்கக் கூடாது."

"தூங்கினா?" என்று அச்யுத் கேட்டான்.

"கால் கத்துக்கும் சார். நீங்க கத்துக்க மாட்டீங்க."

மூவரும் சிரித்தார்கள்.

ஆனால் ஸ்னேஹாவுக்கு வீட்டிலிருந்தே வேலை, நாள் முழுக்க மீட்டிங். சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தில் அவனைப் பெல்ட்டால் தொங்கவிட்டு, டிரெட்மில்லை ஓடவிட்டு, அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அவன் போனில் கிரிக்கெட் பார்ப்பான், அப்படியே தூங்கியும் போவான். "கிளாஸ் நடக்குது, வாத்தியார் தூங்குறார்" என்று அவள் கிண்டல் செய்வாள். எவ்வளவு நேரம் நடக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் குணமாகும் என்று இருவரும் நம்பினார்கள். துணி காயப்போட இடைஞ்சல் என்று கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தது அவள்தான். மாதக்கணக்கில் அந்தக் கால்கள் அவன் இல்லாமல் நடந்திருக்கின்றன.

அல்போன்சாவுக்குப் போன் செய்தாள்.

"சும்மனே துடிக்கும் மேடம். பயப்படாதீங்க."

"துடிக்கலங்க. நீந்துது."

"சார் முழிச்சிருக்காரா?"

"தூங்குறார்."

"இன்னிக்கு டிரெட்மில்லுல ஏத்தாதீங்க. காலைல நான் வர்றேன்."

ஆனால் விழித்ததும் அச்யுத் கேட்கவில்லை. "ஒரே ஒரு ரவுண்டு ஸ்னே. நேத்து கட்டைவிரல்ல ஏதோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. இப்ப விட்டா போயிடும்." அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இதுவரை வந்ததில்லை. பெல்ட்டை மாட்டினாள். கண்ணாடியைத் திருப்பி எதிரே வைத்தாள். சக்கரங்களுக்குப் பிரேக் போட்டு, ரிமோட்டை அழுத்தி, டிரெட்மில்லை ஓடவிட்டாள்.

வெளியே அல்சூர் ஏரியின் மேல் மழை இறங்கியது. மூன்றாம் மாடி பால்கனிக் கதவு வழியே சேறும் பாசியும் கலந்த வாசம் உள்ளே வந்து, அறையின் டெட்டால் வாசத்தை மெல்ல மெல்ல மூடியது.

கரண்ட் போனது.

டிரெட்மில் முனகி நின்றது. அரையிருட்டில் ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. சரக். சரக். சரக்.

"நிறுத்து அச்சு."

"நான் இல்ல ஸ்னே."

கண்ணாடியில் அவன் முகம் வெளிறியிருந்தது. கீழே கால்கள் நடந்துகொண்டிருந்தன. ரிமோட்டை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். பாதங்கள் டிரெட்மில்லின் ஓரத்தைத் தாண்டி, விரல்களால் தடவித் தடவி, தரையைத் தேடின.

கண்டுபிடித்தன.

டைல்ஸில் விரல்கள் ஊன்றின. இழுத்தன. சட்டம் கிறீச்சிட்டது. பால்கனிப் பக்கம். ஓர் அங்குலம். இன்னும் ஒன்று.

ஸ்னேஹா சட்டத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, குதிகாலைத் தரையில் அழுத்தி நின்றாள். மழை பலத்தது. இரண்டு கால்களும் மெல்ல ஒன்றுசேர்ந்தன. தொடை. முழங்கால். பாத நுனி. அலை.

"பெல்ட்டை அவுத்துடு ஸ்னே." குரல் அவனுடையதுதான். பயம் போய், தூக்கக் கலக்கத்தில் அவளைக் கொஞ்சும் குரல். "அதுக்கு வழி தெரியும்."

"எங்க போக?"

"தண்ணிக்கு."

கண்ணாடியில் பார்த்தாள். அவன் கண்கள் மூடியிருந்தன. தலை மார்பில் தொங்கியது. உதடுகள் மட்டும் அசைந்தன.

அவள் கைகள் விடவில்லை. ஆனால் காலடியில் டைல்ஸ் புதிதாகச் சில்லென்றது. அவளுடைய வலது பாதம் முன்னால் போயிருந்தது. அவள் வைக்கவில்லை. பிறகு இடது. பிறகு வலது. பால்கனிப் பக்கம். சட்டத்தை இழுக்கும் அதே தாளத்தில்.

"அவுத்துடும்மா."

ஸ்னேஹா குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள்.

"மாட்டேன்," என்றாள், மிக மெதுவாக.