கேட்டுக்கு அந்தப் பக்கம்

குழாயை மூடிய பிறகும் தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவில்லை. அவள் மறுபடியும் இறுக்கித் திருகிப் பார்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி ஜன்னலைத் திறந்தபோதுதான் சத்தம் வெளியிலிருந்து வருவது புரிந்தது. வேலியை ஒட்டி மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்த பள்ளத்தில் ஓடை புரண்டுகொண்டிருந்தது. இங்கே ஒரு தூறல்கூட இல்லை. மேலே எங்கோ மழை கொட்டுகிறது.

மலையையே காணோம். மத்தியானத்துக்குப் பிறகு இறங்கிய மூடுபனி தோட்டத்து மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டு, இப்போது கேட்டுவரை வந்து நின்றது. அழுகிய இலையும் ஈர மண்ணும் கலந்த வாடை அடுப்படிக்குள் வந்தது. அவள் ஜன்னலைச் சாத்தினாள். சத்தம் குறையவில்லை.

மலையேறப் போன அந்த நால்வர் இன்னும் இறங்கி வரவில்லை.

வீட்டு வாசலை ஒட்டிப் போகும் மண்ரோடு மலையடிவாரத்தில் போய் முடியும். லாரி வந்து மரம் ஏற்றுவதற்காக அவளுடைய அப்பா சொந்த நிலத்தில் வெட்டிய ரோடு அது. அவர் போன பிறகு மலையேறுகிறவர்கள் அதைப் பொதுவழி ஆக்கிவிட்டார்கள். வாசலை மறித்து வண்டியை நிறுத்துவார்கள், பாட்டிலை வீசுவார்கள், யாரையும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். பொறுத்துப் பார்த்த அவள் கணவர் கடைசியில் வீட்டுக்குச் சற்று மேலே கேட் போட்டார். ஆளுயரத்துக்கு மேல் தகரம், அதன் உச்சியில் முள்கம்பி. அதே கம்பி வேலி இரண்டு பக்கமும் ஓடி, ஒரு பக்கம் பாறையிலும் மறுபக்கம் பள்ளத்திலும் முடிந்தது.

காலையில் அவள் அந்த நால்வரையும் நிறுத்தியிருந்தாள்.

"இது தனியார் ரோடு. இந்த வழியா போகக் கூடாது."

தாடி வைத்த ஒருவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "ஏன், உங்க அப்பன் வீட்டு ரோடா?"

உண்மையில் அப்பன் வீட்டு ரோடேதான். ஆனால் அந்த நேரத்துக்கு அது அவள் வாயில் வரவில்லை. மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். மஞ்சள் மழைக்கோட்டு போட்ட பெண் மட்டும் அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு அவளிடம் வந்தாள்.

"மனசுல வச்சுக்காதீங்கக்கா. அவனுக்கு வாய்தான் நீளம். இந்த ஒரு தடவை விட்டுருங்க. இருட்டுறதுக்குள்ள இறங்கிருவோம். அதுவரைக்கும் பூட்டிராதீங்கக்கா, ப்ளீஸ்."

"சரி, போங்க," என்று இவளும் சொன்னாள்.

சொன்னாள்தான். ஆனால் அந்தச் சிரிப்பு நாள் முழுக்கக் காதிலேயே இருந்தது. வார்டில் எத்தனை பேர் எரிந்து விழுந்தாலும் முகம் சுளிக்காத நர்ஸ் என்று பேர் எடுத்தவள், விடுமுறை நாளில் சொந்த வாசலில் பேச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். மூடுபனி இறங்க ஆரம்பித்தபோது போய்ப் பூட்டைப் போட்டுவிட்டு வந்தாள். வந்து கூப்பிடட்டும். கொஞ்சம் நிற்கட்டும். அப்புறம் திறக்கலாம்.

கூப்பிட்டார்கள்.

"அக்கா!" தகரத்தில் கை தட்டும் சத்தம். "அக்கா, கேட்டைத் திறங்க!"

மஞ்சள் கோட்டுப் பெண்ணின் குரல். அடுப்படியில் அவள் சாவியை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். அதற்குள் திறந்துவிட்டால் என்ன மரியாதை?

"அக்கா, எனக்குக் கால் உடைஞ்சிருச்சு. இவங்கதான் தூக்கிட்டு வந்தாங்க."

அடுத்தது தாடிக்காரன். அவன் குரல் உடைந்திருந்தது. "காலைல நான் பேசினது தப்புதான்க்கா. கால்ல வேணா விழுறேன். திறங்கக்கா."

அந்த 'அக்கா' அவளுக்கு இனித்தது. இன்னும் ஒரு தடவை சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவனும் சொன்னான். அதற்குப் பிறகுதான் சிக்கல் வந்தது. இப்போது போய்த் திறந்தால், இவ்வளவு நேரம் உள்ளே இருந்துகொண்டே சும்மா இருந்தவள் என்று தெரிந்துவிடுமே. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் காலைத் தொட்டுப் பார்ப்பது? நிற்க நிற்க, போவது இன்னும் கடினமாகிக்கொண்டே வந்தது. வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டால் தேவலை என்று தோன்றியது.

"உள்ள ஆள் இருக்காங்கடா. இடுக்குல லைட் தெரியுது."

அவள் கை சுவிட்சுக்குப் போனது.

இருட்டு. கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அந்தப் பெண்ணின் குரல், கோபமே இல்லாமல்:

"அணைச்சுட்டாங்க."

அவள் உடம்பு கூசியது. அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு, யாரும் பார்க்காத அந்த இருட்டிலும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, வா. வேலியோரமா பள்ளத்துல இறங்கிப் போயிரலாம்."

காலடிகள் வேலியை ஒட்டி நகர்ந்தன. ஓடைப் பக்கமாக. தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இந்தப் பனியில் அவர்களுக்குத் தெரியுமா? அவளுக்குத் தெரியும். கத்த வாய் திறந்தாள். என்னவென்று கத்துவது? நான் இங்கேதான் இருந்தேன் என்றா? வாய் மூடிக்கொண்டது.

கல் சரிந்தது. ஒரு அலறல். பாதியில் அறுந்தது. தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

அதற்கப்புறம் ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை. சரளைக் கல் காலைக் கிழித்தது. பூட்டுக்குள் சாவி நுழையாமல் வழுக்கி வழுக்கி, ஒருவழியாகத் திறந்தது. கேட்டை விரியத் தள்ளினாள்.

யாரும் இல்லை. வெள்ளைப் பனி.

"இருக்கீங்களா?" சத்தமாகக் கூப்பிடக்கூட வெட்கமாக இருந்தது. "திறந்துட்டேன். வாங்க."

பள்ளத்துப் பக்கத்தில் சரளை நெரிந்தது.

ஈரமான காலடிகள். மெதுவாக. மேலே ஏறி வருகின்றன. அவளுக்கு உயிர் வந்தது. நிமிர்ந்து பார்க்க முகமில்லாமல் தரையையே பார்த்துக்கொண்டு கேட்டைப் பிடித்தபடி நின்றாள். காலடிகள் அவளெதிரில் வந்தன. அவள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் கல் அமுங்கியது. தண்ணீர் தேங்கியது. மேலே ஷூ இல்லை. கால் இல்லை.

"தேங்க்ஸ்க்கா."

இன்னொரு தடம்.

"தேங்க்ஸ்க்கா."

மூன்றாவது. தாடிக்காரனின் குரல். "ரொம்ப தேங்க்ஸ்க்கா."

சேற்று நாற்றம். அதற்கடியில் இன்னொரு வாடை. அவசரப் பிரிவில் தினமும் முகர்ந்தது. ரத்தம்.

கடைசியாக ஒன்று, காலை இழுத்து இழுத்து வந்தது. அவளெதிரில் நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. மூச்சுச் சத்தம் இல்லை. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இழுபடும் சத்தம் மெல்ல வீட்டைத் தாண்டிக் கீழே இறங்கிப் போனது.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றாளோ. முகத்தில் வெளிச்சம் பட்டது. கணவரின் கார் கீழேயிருந்து ஊர்ந்து வந்து அவளருகில் நின்றது. அவர் கண்ணாடியை இறக்கினார்.

"இந்தப் பனியில வெறுங்கால்ல நின்னு என்ன பண்ற? கேட்டை ஏன் திறந்து போட்டிருக்க?"

அவள் கேட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"கீழ பாலத்துகிட்ட ஒரே கூட்டம். ஓடை நாலு பேரை அடிச்சுட்டு வந்திருச்சாம். ஒருத்தரும் பிழைக்கல. மலை ஏறப் போனவங்களாம். போலீஸ் வீட்டுக்கு வந்து கேப்பாங்க." குரலைத் தாழ்த்தினார். "நீ யாரையாவது பார்த்தியா? யாராவது வந்து கூப்பிட்டாங்களா?"

இப்போதாவது சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லைங்க. யாரும் வரல."

"நல்லதாப் போச்சு," என்று பெருமூச்சு விட்டார். "ஏறு. நடுங்குற பாரு."

கதவைத் திறக்கக் கையை நீட்டியபோதுதான் பின்சீட்டின் ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே கழுத்தளவு சேற்றுத் தண்ணீர் அசையாமல் நின்றது. அதற்கு மேலே நான்கு முகங்கள். மஞ்சள் கோட்டின் கழுத்துப்பட்டி தண்ணீரில் மிதந்தது. நான்கு தலைகளும் மெதுவாக அவள் பக்கம் திரும்பின. ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை.

பிறகு, பஸ்ஸில் பெரியவர்களுக்கு நகர்ந்து உட்காருவதுபோல, நால்வரும் நெருக்கிக்கொண்டு அவளுக்கு இடம் விட்டார்கள்.