ஏணைக்கு மேலே

பிள்ளை அழத் தொடங்கினால் கூரைக்குள் ஓடுகிற சத்தம் நின்றுவிடும். கஜனிக்கு முதலில் உறைத்தது அதுதான். ரூ பிலிப்-து-ஜிரார் என்கிற பிரெஞ்சுத் தெருவில், ஒரு கட்டடத்தின் கடைசி மாடி. தலைக்கு மேலே பலகை, பலகைக்கு மேலே சாம்பல் நிறத் தகடு, இரண்டுக்கும் நடுவே ஆள் தவழ மட்டுமே இடமுள்ள இருட்டு. பொழுது சாய்ந்தால் அந்த இருட்டுக்குள் நகங்கள் கிறீச்சிடுவதும், எதையோ இழுத்துப் போவதும், உருட்டி விழுத்துவதுமாக ஒரே அமளி. மகன் சேலையில் கட்டிய ஏணைக்குள் கிடந்து முதற்குரல் எடுத்ததும் எல்லாம் அடங்கிவிடும். பயந்து ஒளிகிற அடக்கம் இல்லை அது. காது கொடுத்துக் கேட்கிற அடக்கம்.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜிஸ்லேன் வந்து, கூரைக்குள் ஏறுகிற சதுரக் கதவுக்குக் கீழே நின்று மோந்து பார்த்தாள். "ஃபுயின்" என்றாள். தொலைபேசியில் படமும் காட்டினாள்: நீண்ட உடம்பு, வெள்ளைத் தொண்டை, சின்னக் கண். ஊரில் கோழிக்கூட்டுக்கு வருகிற மரநாயின் ஒன்றுவிட்ட தங்கச்சி என்றே கஜனிக்குப் பட்டது. இது குட்டி போடும் காலம், கோடை வரை விட்டுவிடு, தாயே குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போய்விடும் என்றாள் ஜிஸ்லேன். கஜனியின் பிரெஞ்சு கடைச்சாமான் வாங்க மட்டுமே காணும். ஆனாலும் இது நன்றாகவே விளங்கியது.

கணவன் கரிகாலனுக்குக் கோடைவரை பொறுக்க நேரமில்லை.

"ஞாயிற்றுக்கிழமை பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள். ஐயர் துடக்குக் கழிச்சுத் தண்ணி தெளிக்கேக்கை மேலையிருந்து மரநாய் மூத்திரம் பெய்தா, வந்த சனம் என்ன கதைக்கும்?"

"குட்டி கிடக்குதாமப்பா. அந்த மனுசி சொன்னவ."

"கிடந்தா தாய் தூக்கிக்கொண்டு போகும். நீர் பிள்ளையைப் பாரும்."

நாவூறு, கண்ணூறு கழிக்க வைத்திருந்த செத்தல் மிளகாயை ஒரு கை நிறைய அள்ளினான். சாம்பிராணிச் சட்டியில் கரியைக் கனல விட்டு, மிளகாயைக் கொட்டி, சட்டியை மேலே தள்ளிக் கதவைச் சாத்தினான். கஜனி பிள்ளையைப் போர்த்தி எடுத்துக்கொண்டு மாடிப்படியில் நின்றாள். தகட்டின் மேல் ஏதோ வீரிட்டுக்கொண்டு ஓடியது. உடனே கரிகாலன் யன்னலால் எட்டி, தகடு விலகியிருந்த இடத்தில் கம்பிவலையை வைத்து ஆணி அறைந்தான். இறங்கி வந்தவனின் முகத்தில் கோட்டையைப் பிடித்தவனின் பெருமை இருந்தது.

கீழ்வீட்டு அந்தோணியம்மாள், மன்னார்க்காரி, ஏறிவந்து வாசலில் சிந்திக் கிடந்த மிளகாயைப் பார்த்தாள்.

"மிளகாயோ எரிச்சனீங்கள்? நெடியே இல்லையே. ஆற்றையோ கண் கனக்கப் பட்டிருக்குது, பிள்ளை." சிலுவை போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். உண்மைதான். அவ்வளவு மிளகாய் கருகியும் ஒருவர்கூடத் தும்மவில்லை.

அன்று மாலையே கூரைக்குள் அழுகை தொடங்கியது. மெல்லிய, கூரான, ஈரமான குரல்கள். வெளியே தாய் கம்பியைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்துவிடும்படி கஜனி கெஞ்சினாள். ஞாயிறு கழியட்டும் என்றான் கரிகாலன். அவன் வேலைக்குப் போனபின் அவளே கதிரையை வைத்து ஏறிக் கதவில் கையை வைத்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் ஒன்று வந்து மூச்சுவிட்டது. இறங்கிவிட்டாள். பெற்ற ஒருத்தி செய்கிற வேலையா இது என்று வெட்கமாக இருந்தது. ஆனால் பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஞாயிறு வருமுன் குட்டிகள் ஓய்ந்துவிட்டன. வெளியே தாய் பிறாண்டுவதும் நின்றுவிட்டது. ஐயர் வந்தார், தண்ணீர் தெளித்தார். பிள்ளைக்கு மொட்டை போட்டார்கள். சனம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனது.

திங்கட்கிழமை மாலை. கரிகாலன் ரூ பெர்தொனே தெருவில் அவன் வேலை செய்யும் சாப்பாட்டுக்கடைக்குப் போய்விட்டான். மழை தகட்டில் விடாமல் தட்டிக்கொண்டிருக்க, கீழ்வீட்டிலிருந்து மீன்குழம்பு கொதிக்கிற மணம் படியேறி வர, கஜனி பிள்ளையின் துணிகளை ஒவ்வொன்றாக நீவி மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை ஏணைக்குள் உறக்கம். கொஞ்ச நேரத்தில் குழம்பு மணம் அற்றுப்போனது. தொண்டை கரகரத்தது. கண் எரிந்தது. மிளகாய் நெடி. கருகி எத்தனையோ நாளான மிளகாய், இப்போதுதான் பலகை இடுக்குகளால் இறங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளை அழுதான்.

அவளுக்குப் பால் சுரந்து சட்டை நனைந்தது. துணியைப் போட்டுவிட்டு ஏணைக்கு ஓடினாள். பாதி வழியில் கால் நின்றது.

அழுகை ஏணைக்குள்ளிருந்து வரவில்லை.

மேலேயிருந்து வந்தது. அவனுடைய அழுகையேதான். முதலில் விக்கல், பிறகு நீட்டி இழுக்கிற அந்த ஓலம், மூச்சு முட்டுகிற இடம். ஆயிரம் பிள்ளைகளுக்குள் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

சேலையை விலக்கினாள்.

பிள்ளை விழித்திருந்தான். முகம் சிவந்து கன்றியிருந்தது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. வாய் அகலத் திறந்திருந்தது, நாக்கு நடுங்கியது. மேலே ஓலம் நீண்டபோது இவன் நெஞ்சு எழுந்தது. மேலே விக்கியபோது இவன் உடம்பு குலுங்கியது.

சத்தம் மட்டும் வரவில்லை.

தூக்கி அவன் வாயருகே காதை வைத்தாள். காற்று. வெறும் காற்று.

"அப்பன். என்ரை ராசா. அழு. அழன் ராசா."

மேலே நகங்கள் அசைந்தன. நிதானமாக. குட்டியை நோகாமல் வாயில் கவ்விக்கொண்டு போகிற தாயின் நடை. அழுகையும் கூடவே நகர்ந்தது. சுவர் ஓரம். கம்பிவலைப் பக்கம்.

ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

கஜனி யன்னலைத் தள்ளித் திறந்தாள். மழை முகத்தில் அடித்தது. தகடுகளின் மேல் இருட்டில், அவள் பிள்ளையின் அழுகை அடுத்த வீட்டுக் கூரைக்குத் தாவியது. அதற்கடுத்த கூரைக்கு. தெருக்கோடி ரயில் தண்டவாளங்களின் பக்கமாக. சின்னதாகி, இன்னும் சின்னதாகி.

பிள்ளையை நெஞ்சோடு அணைத்து முலையைக் கொடுத்தாள். பால் அவன் கன்னத்தால் வழிந்தது. அவன் வாய் மூடவே இல்லை.